முப்பதாவது கிலோமீட்டரில் ஒரு டம்ளர் தண்ணீர்

ரெட்டைக்குழாய்த் தெருவை மறைத்த துணியின் கடைசி முடிச்சைப் போட்டவள், அதே தெருவில் பதினேழாம் எண் வீட்டுக்காரி மேகலாதான். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. கால்வாயை ஒட்டிக் கிடந்த அந்தத் தெருவில் இருநூறு வீடுகளும், ஒன்றில் தண்ணீர் வந்தால் மற்றதில் வரக் கூடாது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட இரண்டு குழாய்களும், ஒரு மாதா கெபியும், அதற்கு எதிர்சாரியில் ஒரு அம்மன் கோயிலும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே கட்டிலைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான் மேகலாவின் கணவன் ஏழுமலை. சர்க்கரை வியாதி அவனுடைய இடதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போயிருந்தது, வாயை மட்டும் விட்டு வைத்திருந்தது. அவர்களுக்கு ஒன்பது வயதில் தர்ஷினி என்று ஒரு மகள். மேகலா நகரத்துச் சாலைகளைப் பெருக்குகிற ஒப்பந்தக் கூட்டத்தில் வேலை பார்த்தாள்.

மாரத்தான் நடத்திய கமிட்டிக்கு அந்தத் தெருவின் மேல் எந்த விரோதமும் கிடையாது. ஓடுகிறவர்களில் நாற்பது பேர் வெளிநாட்டுக்காரர்கள், கொடியசைக்க வருகிறவர் பெரிய இடத்து மனிதர், ஆகவே ஓடும் பாதை கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் கட்டட வேலைக்குக் கட்டுகிற பச்சைத் துணி ஆறு லாரியில் வந்து இறங்கி, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பாதையில் எங்கெல்லாம் நகரம் நகரமாக இருந்ததோ அங்கெல்லாம் கட்டப்பட்டது. முப்பதாவது கிலோமீட்டர் என்று எழுதிய இரும்புப் பலகைக்குப் பக்கத்தில், ரெட்டைக்குழாய்த் தெருவின் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை விடிந்துகொண்டிருந்தது.

"உன் தெருதானமே, நீயே கட்டிடு," என்றார் மேஸ்திரி கன்னியப்பன். "ஆளு வந்து போறதுக்கு ஒரு சந்து மட்டும் உட்டுட்டுக் கட்டு."

மேகலா சந்து விடவில்லை. சந்து விட்டால் பிள்ளைகள் தலையை நீட்டுவார்கள், நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் குடத்தோடு வந்து நிற்பார்கள், ஏழுமலை ஒற்றைக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்து ஏதாவது சொல்வான், அதையெல்லாம் கூட வேலை பார்க்கிறவர்களும், பூப்போட்ட ஷூ மாட்டிய பெரிய வீட்டுப் பெண்களும் பார்ப்பார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன் தெருவை நினைத்து, தன் வீட்டை நினைத்து, அந்த ஒரு காலை நேரத்துக்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதனால் துணியை ஓரத்துக்கு ஓரம் இழுத்து, அவிழாத இரட்டை முடிச்சாகப் போட்டாள். உள்ளேயிருந்து தர்ஷினி, "யம்மா, ஓடுறவங்களுக்குத் தாகமா இருக்குமே, தண்ணி குடுக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "கைய மட்டும் நீட்டிக் குடு, வெளிய வந்தா காலை ஒடிச்சிடுவேன்," என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனாள்.

பத்து மணிக்கு ஓட்டம் முடிந்து துணியை அவிழ்த்தபோது அங்கே தெரு இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு நீலச் சுவர் நின்றது; அதில் ஆள் உயரத்துக்குச் சூரியகாந்திப் பூக்களும், 'ஓடுவோம், நலமாக வாழ்வோம்' என்ற வாசகமும் வரைந்திருந்தன, பெயிண்ட் காய்ந்து பல நாள் ஆகியிருந்தது. சுவரைக் கட்டியது கமிட்டி என்று மாநகராட்சி அதிகாரிகள் நினைத்துக்கொண்டு கமிட்டிக்கு நன்றிக் கடிதம் எழுதினார்கள். கட்டியது அதிகாரிகள் என்று கமிட்டி நினைத்துக்கொண்டு அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதியது. இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்ததில் அந்த விஷயம் முடிந்துபோனது.

உள்ளே இருந்தவர்களுக்கு எதுவும் மாறவில்லை. அவர்களுக்குச் சாலை தெரிந்தது, பஸ் தெரிந்தது, சாலையில் பேசுவது காதில் விழுந்தது. திங்கட்கிழமை காலை எப்போதும்போல வீட்டு வேலைக்குப் போகிற பெண்களும், வாட்ச்மேன்களும், மீன் கூடைக்காரிகளும் தெருவைத் தாண்டி வெளியே வந்தார்கள். வந்து திரும்பிப் பார்த்தால் சூரியகாந்திப் பூ. வெளியே வருவது ஒரே ஒரு எட்டு, திரும்பிப் போவதற்கு வழியே இல்லை. இரண்டு வாரத்தில் இதன் சட்டதிட்டங்களைத் தெரு கற்றுக்கொண்டது. கை வெளியே வரலாம், தோள் வரலாம், தலைகூட வரலாம், திரும்ப உள்ளே போய்விடும். பாதம் சாலையில் பட்டுவிட்டால் ஆள் வெளியாள். ஆகவே காலை நேரத்தில் அந்த நீலச் சுவரில் ஐம்பது அறுபது கைகள் வரிசையாக முளைத்துக் காய்கறிக்காரனிடம் முருங்கைக்காயை அழுத்திப் பார்ப்பதும், பால் பாக்கெட் வாங்குவதும், நான்கு கைகள் சேர்ந்து சிலிண்டரை உள்ளே இழுப்பதும் சாதாரணமாகிவிட்டது. பஸ்ஸில் போகிறவர்கள் முதல் வாரம் எட்டிப் பார்த்தார்கள், பிறகு அவரவர் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மேகலா வேலை முடிந்து தினமும் அந்தச் சுவரின் அடியில் வந்து உட்கார்ந்தாள். தர்ஷினியின் கை வெளியே வரும், அவள் அதைப் பிடித்துக்கொண்டு, "சாப்டியா, அப்பா மாத்திரை போட்டாரா?" என்று கேட்பாள், உள்ளேயிருந்து வருகிற சத்தம் வெளியே கேட்காது என்பதால், கை ஆமாம் என்று ஒரு தட்டு தட்டும், இல்லை என்றால் இரண்டு. நகம் வளர்ந்திருந்தால் மேகலா அங்கேயே வெட்டிவிடுவாள்.

கடைசியில் அவள் கமிட்டி ஆபீசுக்கே போனாள். ஓட்டத்தின் இயக்குநர் மதிவாணன் நல்ல மனிதர், சத்தமாகப் பேசாதவர், துடைப்பக்காரி என்று பார்க்காமல் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்தார். "எங்களுக்குத் தெருவைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. ஆனா ஓடினவங்க எல்லாரும் ஃபீட்பேக் எழுதியிருக்காங்க, அதுல ஏதாவது இருக்கான்னு பார்ப்போம். ஃபீட்பேக்தான் எங்களுக்கு வேதம்," என்று லேப்டாப்பைத் திறந்து மூவாயிரம் பேர் எழுதியதையும் பொறுமையாக வாசித்தார். பதினாலாவது கிலோமீட்டரில் வாழைப்பழம் தீர்ந்துவிட்டது; மேம்பாலத்து ஏற்றத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை; பனியன் சிறியது, பதக்கம் கனமில்லை; கழிவறை வரிசையில் நின்ற நேரத்தில் என் நண்பன் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டான்; தன்னார்வலர்கள் கைதட்டினார்கள், ஆனால் வழியைக் கேட்டால் தெரியவில்லை. மத்தியான வெயில் ஜன்னலுக்கு வந்தபோது அவர் நிறுத்தி, ஒன்றை இரண்டு தரம் படித்தார்.

'முப்பதாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் இடதுகைப் பக்கம் ஒரு தெரு. வாசலில் ஒரு சிறுமி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். மொத்த ஓட்டத்திலும் குளிர்ந்த தண்ணீர் அது ஒன்றுதான்.'

அதே மாதிரி இன்னும் பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். "வேடிக்கையா இருக்கே," என்றார் மதிவாணன். "பதினோரு பேரும் ஆரம்பத்துலேருந்து ஓடி வந்தவங்க. அதே இடத்துல பைக்ல நின்ன நம்ம பசங்க யாருக்கும் தெரு தெரியலையே." அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. மேகலா எழுந்து, காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தாள். தன் வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, ஓட்டம் தொடங்கிய அதே கோட்டில் நின்று, புடவையைத் தூக்கிச் செருகி, ரப்பர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஓட ஆரம்பித்தாள். பாதி ஓடிப் பாதி நடந்து ஏழு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தாள், சுவர்தான் இருந்தது. அடுத்த வாரம் ஆறு மணி நேரம்; சுவர். ஓடுகிறவர்களின் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் தாளின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்ததை அப்போதுதான் யாரோ அவளுக்குப் படித்துச் சொன்னார்கள்: முப்பதாவது கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குள் தொடாதவர்கள் நீக்கப்படுவார்கள், அதன்பின் சாலை போக்குவரத்துக்குத் திறந்துவிடப்படும். ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை, உள்ளங்கால் தோல் உரிந்து, வாயில் உப்புக் கரித்து, மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடத்தில் பலகையைத் தாண்டியபோது இடதுகைப் பக்கம் தெரு இருந்தது. குழாயடியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தர்ஷினி டம்ளரோடு நின்றாள். "இன்னாம்மா இவ்ளோ லேட்டு?" என்றாள்.

அதற்குப் பிறகு தெருவே ஓடக் கற்றுக்கொண்டது. ஆறு நாள் வெளியே, கடையின் படியிலோ வேலை செய்கிற வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலோ படுத்துக்கொள்வது, ஞாயிறு விடியலில் கலங்கரை விளக்கத்துக்கு எதிரே கூடி முப்பது கிலோமீட்டர் ஓடி வீட்டுக்குப் போவது, திங்கட்கிழமை ஒரு எட்டில் வெளியே வருவது என்று வாரம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. ஆட்டோக்காரர்கள் ஆட்டோவில் போய்ப் பார்த்துச் சுவரில் முட்டிக்கொண்டு, பிறகு மற்றவர்களோடு வரிசையில் நின்றார்கள். கைக்குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினால் குழந்தையும் ஓடியதாகக் கணக்கு. கல்யாணம் ஒன்று நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் பட்டுச் சட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்ததில், இரண்டு நிமிடம் பிந்திய தாய்மாமன் மட்டும் வெளியே நின்றுவிட, அவருக்குச் சுவரிலிருந்து கைகள் இலை போட்டு, சாம்பார் ஊற்றி, அப்பளம் வைத்து, முகம் தெரியாமலே பந்தி விசாரித்தன. தேர்தலில் ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர் எட்டாவது கிலோமீட்டரில் ஜீப்பில் ஏறிக்கொண்டு, தான் ஜெயித்தால் முப்பது கிலோமீட்டரைப் பதினைந்தாகக் குறைப்பதாகச் சுவரைப் பார்த்து வாக்குக் கொடுத்தார். குடிசை மாற்று வாரியத்துக்காரர்கள் மட்டும் ஓடவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் எட்டாவது மாடியில் ஒரு அறை வைத்திருக்கிறோம், வெளியே வந்து கையெழுத்துப் போட்டால் சாவி தருகிறோம் என்று மாதம் ஒருமுறை சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

வேலைக்காரி மெலிந்து சுறுசுறுப்பாகிவிட்டாள் என்று வீட்டுக்காரம்மாக்களுக்குச் சந்தோஷம். வாரம் முப்பது கிலோமீட்டர் ஓடுகிற வாட்ச்மேனைப் பற்றிப் பத்திரிகையில் படத்தோடு வந்தது. ஓட்டக் குழுக்களில் இருந்த பெரிய வீட்டுக்காரர்கள் முதலில் இவர்களோடு சேர்ந்து ஓடி, படம் எடுத்து, இந்த ஜனங்களுக்கு ஓட்டம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று எழுதிப் போட்டார்கள். ரத்தத்தில் இருந்தது ஓட்டம் இல்லை, வீடு. அதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மாரத்தானில் மதிவாணன் மேகலாவுக்கு எண் தாளும் ஷூவும் கொடுத்து ஓடச் சொன்னார். பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் முப்பதாவது கிலோமீட்டரில் இடதுகைப் பக்கம் திரும்பித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். தெருக்காரர்கள் நூற்றுப் பத்துப் பேர் ஓடினார்கள், நூற்றுப் பத்துப் பேரும் அப்படியே போனார்கள், கமிட்டியின் பதிவேட்டில் நூற்றுப் பத்துப் பேருக்கும் நேராக 'ஓட்டத்தை முடிக்கவில்லை' என்று எழுதப்பட்டது.

அந்த ஆண்டு ஃபீட்பேக்கில் காற்று மாறியிருந்தது. செருப்பில்லாத ஆட்கள் கூட்டமாக ஓடி வேகத்தைக் கெடுக்கிறார்கள் என்று எழுதினார்கள். தலையில் மூட்டையோடு ஓடுகிறவர்கள் முழங்கையில் இடிக்கிறார்கள். முப்பதாவது கிலோமீட்டரில் நிழல் இல்லை, கால்வாய் நாற்றம், கருவாட்டு வாசனை, சோர்ந்து வருகிற நேரத்தில் அந்தத் தெருவைப் பார்க்க மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது. தண்ணீரைப் பற்றியும் சிலர் எழுதினார்கள்: ஒரே டம்ளரை எல்லாரும் வாய் வைத்துக் குடிக்கலாமா? மதிவாணன் எல்லாவற்றையும் படித்தார், பச்சைப் பேனாவால் அடிக்கோடு போட்டார். மூன்றாவது ஆண்டு ஓட்டம் பழைய பாதையில் கடைசியாக நடக்கும் என்றும், அன்று காலை ஒன்பது மணிக்குச் சாலை திறந்ததும் பலகைகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, அடுத்த ஆண்டு முதல் கடலோரப் புதிய சாலையில் ஓட்டம் என்றும் அறிவிப்பு வந்தது.

பலகை போனால் தெருவும் போய்விடும் என்று தெருவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதம் முழுக்க வீட்டுக்கு வீடு அழுகையும் சண்டையுமாக இருந்தது. சிலர் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து எட்டாவது மாடிக்குச் சாவி வாங்கினார்கள்; சிலர் இருக்கிற வேலையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். கடைசி ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ஏழுமலை சொன்னான்: "நீயும் கொழந்தையும் வெளிய போயிடுங்கமே. நான் இங்கியே கெடக்கறேன். எனக்கு இன்னா, ரெண்டு கொழா இருக்குது, மாதா ஒரு பக்கம், அம்மன் ஒரு பக்கம்."

"எட்டாவது மாடியில ஒத்தக் காலோட ஏறுவியா நீ?"

"அதான் சொல்றேன், நான் வரல."

"அப்ப நானும் போவல," என்றாள் மேகலா. "வியாழக்கெழம சக்கர வியாதி ஆஸ்பத்திரி. மூணு மாச மாத்திரய வாங்கினு ஞாயித்துக்கெழம வந்துடறேன். அதுக்கப்புறம் வெளி வாசல் எனக்கு வாணாம்."

"மறந்துட்டு எவன்கூடனா ஓடிடப் போற."

"ஓடி ஓடித்தான்யா உன்கிட்ட வந்துனுக்கிறேன்," என்றாள் அவள். தர்ஷினி சிரித்தாள். ஏழுமலையும் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு மாத மாத்திரைக்கு மேல் தர முடியாது என்ற ஆஸ்பத்திரியில் அழுது, இன்னொரு ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு, மூன்று மாத மாத்திரையைச் சேர்த்து, அதோடு ஏழுமலைக்கு ஒரு கைலியும், தர்ஷினிக்கு வளர்ந்தாலும் ஆகும்படி பெரிய அளவில் இரண்டு கவுனும், அரை டஜன் நோட்டும் வாங்கி மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, அந்த ஞாயிறு ஐந்து மணிக்கு அவள் கடைசியாகக் கோட்டில் நின்றாள். மூட்டையோடு ஓடுவது மெதுவாகத்தான் ஆனது. மேம்பாலத்தில் மூச்சு வாங்கியது, இருபதாவது கிலோமீட்டரில் ஒரு கால் நரம்பு இழுத்தது, ஆனாலும் இருபத்தொன்பதாவது கிலோமீட்டர் பலகையைத் தொட்டபோது மணி எட்டு நாற்பது. ஒரு கிலோமீட்டர்; இருபது நிமிடம்; நடந்தே போய்விடலாம்.

அங்கே பந்தல் போட்டிருந்தது. வாழைமரமும் ஒலிபெருக்கியும், சாலைக்குக் குறுக்கே ரிப்பனும். மதிவாணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே வந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "ரெண்டே நிமிஷம்மா. பழைய பாதையோட கடைசி நாள். உங்களைக் கௌரவிக்காம விட்டா எங்க மனசு ஆறாது."

"வாணாம் சார். நேரமாவுது. வழி உடுங்க."

பொன்னாடை போர்த்தப்படுகிறவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்வது அந்த நாட்டு வழக்கம். வேண்டாம் என்று எவ்வளவு அழுத்திச் சொல்கிறார்களோ அவ்வளவு அழுத்திப் போர்த்துவதும் வழக்கம். ஆகவே அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை, கேட்டவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். "என்ன அடக்கம் பாருங்கள்," என்று ஒலிபெருக்கி சொன்னது. நான்கு பெண்கள் அன்பாக அவளுடைய கையைப் பிடித்து மேடையில் ஏற்றி, மூட்டையை வாங்கி ஓரமாக வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கி வர வேண்டியிருந்தது. வந்தவர் போர்த்தினார். புகைப்படக்காரர் வெயில் முகத்தில் அடிக்கிறது என்று சொன்னதால், பொன்னாடையை எடுத்து மடித்து, நின்ற திசையை மாற்றி, மறுபடி போர்த்தினார். நினைவுக் கேடயத்தில் மேகலா என்பதற்குப் பதில் மேனகா என்று இருந்தது, அதைத் திருத்த ஒரு பையில் பேனாவைத் தேடினார்கள். "சார், என் வூடு சார், மூடிடுவாங்க சார்," என்றாள் அவள். "கவலையே படாதீங்கம்மா," என்று மதிவாணன் அவள் காதில் சொன்னார். "உங்களுக்காக இன்னிக்குக் கட்-ஆஃபை அரை மணி தள்ளி வைக்கச் சொல்லிட்டேன்." சொல்லித்தான் இருந்தார், நல்ல மனிதர் என்று முன்னமே சொல்லியாயிற்று. பிறகு மைக்கை அவள் வாய்க்கு நேரே வைத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"மணி இன்னா?" என்றாள் மேகலா.

ஒலிபெருக்கியில் அது கடற்கரை வரை கேட்டது. ஓட்டக்காரிக்கு ஏற்ற கேள்வி என்று கூட்டம் முழுக்கக் கைதட்டியது. மணி எட்டு ஐம்பத்தைந்து.

மூட்டையைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு, பொன்னாடையோடு, அந்தப் பெண்களைத் தள்ளிவிட்டு அவள் ஓடிய ஓட்டத்தை அந்தப் பாதை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் ஒரு கிலோமீட்டரை மூட்டையோடு ஓட யாராலும் முடியாது. மூன்று ஆண்டுகளாக வாழைப்பழம் நேரத்துக்கு வந்ததில்லை, ஆம்புலன்ஸ் வந்ததில்லை, விருந்தினர் வந்ததில்லை. அன்று அந்த அரை மணித் தகவலும் வந்து சேரவில்லை, ஒரே ஒரு காரியம்தான் சொன்ன நேரத்துக்கு நடந்தது. பலகை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவள் வந்துகொண்டிருந்தபோது போக்குவரத்துக்காரர் விசிலை ஊதி, தடுப்பை இழுத்து, சாலையைத் திறந்துவிட்டார். மூன்று நிமிடம் கழித்து அவள் பலகையைத் தாண்டி இடதுகைப் பக்கம் திரும்பினாள். சூரியகாந்திப் பூக்கள் நின்றன.

கன்னியப்பன் மேஸ்திரியும் நான்கு பேரும் கடப்பாறையோடு பலகையடியில் காத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் மேஸ்திரி கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

சுவரிலிருந்து கை வந்தது. எவர்சில்வர் டம்ளரும் தண்ணீரும். உள்ளேயிருந்து எல்லாம் தெரியுமல்லவா. அம்மா வந்து நிற்பது, மூச்சு வாங்குவது, பொன்னாடை, எல்லாம். மேகலா தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூட்டையைப் பிரித்தாள். மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் வைத்தாள்; கை உள்ளே போயிற்று, வெளியே வந்தது. கைலி. கவுன் இரண்டு. நோட்டுகள். "வெள்ள மாத்திர காலையில, சாப்பாட்டுக்கு முன்னாடி. மஞ்சளு ராத்திரிக்கு. அப்பா மறந்தாலும் நீ மறக்கக் கூடாது," என்றாள். கை ஒரு தட்டு தட்டியது. கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் போனபோது கை வெறுமையாக, விரித்தபடி வெளியே நின்றது. மேகலா அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு இழு இழுத்தால் போதும். ஒரு பாதம் சாலையில் பட்டால் குழந்தை அவளுடையது, எட்டாவது மாடியோ பாலத்தடியோ, பக்கத்தில் படுத்துக்கொள்ளும். உள்ளே ஏழுமலை கட்டிலில், எட்டித் தண்ணீர் எடுக்க ஆளில்லாமல், போகிறவர் வருகிறவரை வம்புக்கு இழுத்துக்கொண்டே கிடந்து சாவான். அவளுக்கு இழுக்கத் தோன்றியது, முழு உடம்பும் இழுக்கச் சொன்னது, இதை அவள் பிறகு தனக்குத் தானே பல தடவை ஒப்புக்கொண்டாள். அவள் இழுக்கவில்லை.

மேஸ்திரியின் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி, "முப்பது எடுத்தாச்சா, முப்பது எடுத்தாச்சா," என்று கேட்டது. இரண்டாம் தடவையும் கேட்டது. பீடி விரலைச் சுட்டது. "மேகலா," என்றார் அவர், திரும்பாமலே. "லாரி நிக்குதுமே."

"கைய உள்ள எடும்மா," என்றாள் மேகலா.

கை இரண்டு தட்டு தட்டியது.

"எடும்மா கண்ணு. அப்பாவுக்கு யாரு இருக்கா?"

இரண்டு தட்டு. விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகின. கடப்பாறை பலகையின் அடியில் இறங்குகிற சத்தம் கேட்டது. "கைய எடுடீன்னு சொன்னேன்," என்று அவள் கத்தினாள். துணிக்கு அந்தப் பக்கம் நின்ற குழந்தையை இரண்டு ஆண்டுக்கு முன் அதட்டிய அதே குரலில் கத்தினாள். பிறகு தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்கிறவளைப் போல, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, கையைச் சுவருக்குள் தள்ளினாள். பலகை சாய்ந்தது. அவள் உள்ளங்கை சூரியகாந்திப் பூவின் மேல் இருந்தது, சிமெண்டு சூடாக இருந்தது. டம்ளர் மட்டும் வெளியே தங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு ஓட்டம் கடலோரப் புதிய சாலையில் நடந்தது. வாழைப்பழம் நேரத்துக்கு வந்தது, நிழற்பந்தல் இருந்தது, மறைக்க வேண்டிய எதுவும் பாதையில் இல்லாததால் பச்சைத் துணிக்கு வேலை இல்லை. ஓட்டம் முடிந்த மறுநாள் மதிவாணன் வழக்கம்போல ஃபீட்பேக்கை எல்லாம் படித்தார். ஏறக்குறைய எல்லாம் பாராட்டுத்தான். ஒன்றை மட்டும் பச்சைப் பேனாவால் அடிக்கோடிட்டார்.

'பாதை அருமை. கடல் காற்றும் நல்ல சாலையும் மறக்க முடியாதவை. ஒரே குறை: முப்பதாவது கிலோமீட்டரில் துப்புரவுப் பணியாளர் ஒருவர், காகிதக் கோப்பைகள் இருக்கும்போதே, ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை நீட்டுகிறார். வாங்கினால் கையைப் பிடித்துக்கொண்டு உடனே விடுவதில்லை. எனக்கு இதில் பதினோரு விநாடி வீணாயிற்று. கமிட்டி கவனிக்க வேண்டும்.'

கமிட்டி கவனித்தது.